மகளுக்குத் தட்டம்மையா? வீட்டில் ஏழு மாதக் குழந்தையும் இருக்கிறது

கேள்வி:
மகளுக்கு நான்கு வயது. நான்கு நாட்களாகக் காய்ச்சல், இருமல், மூக்கு ஒழுகல். நேற்று கண்கள் சிவந்துவிட்டன. விளக்கைப் போட்டால் தலையணையில் முகம் புதைக்கிறாள். இன்று காலை தலைவாரும்போது காதுக்குப் பின்னால் சிவப்புத் தடிப்புகளைப் பார்த்தேன். மாலைக்குள் கழுத்துவரை இறங்கிவிட்டன. காய்ச்சல் 103 டிகிரி. தடுப்பூசி நாளன்று சளி என்று தள்ளிப்போட்டோம், பிறகு மறந்தே போனோம். திட்டுவதானால், இது தட்டம்மையா சின்னம்மையா என்று சொல்லிவிட்டுத் திட்டுங்கள். தம்பிக்கு ஏழு மாதம்தான்.

பதில் 1:
திட்ட நேரமில்லை அம்மா. குழந்தைகள் பிரிவில் பத்தொன்பது ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். சின்னம்மையில் நீர்க்கொப்புளம் வரும். நீங்கள் சொல்வது தட்டம்மை போலத்தான் இருக்கிறது. மணல்வாரி என்பதும் இதுவே. டார்ச் அடித்து, கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். சிவந்த தோலில் உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளிகள் இருந்தால் அநேகமாக அதுதான். இல்லையென்றாலும் நிம்மதி அடையாதீர்கள், தடிப்பு வந்தபின் அவை மறைந்துவிடும்.

என் கவலை சின்னவனைப் பற்றியது. தடிப்புக்கு நான்கு நாள் முன்பிருந்தே இது தொற்றும். எனவே கிருமி பட்ட 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசிக்குக் காலம் கடந்திருக்கும். தயாரான எதிர்ப்புச் சக்தியை நேரடியாகத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசிக்கு ஆறு நாள் அவகாசம் உண்டு. உங்கள் கையில் ஏறக்குறைய இரண்டு நாள். இப்போதே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். கிருமி அறைக்காற்றில் இரண்டு மணி நேரம்வரை தங்கும். காத்திருப்போர் கூடத்தில் அவளை உட்காரவைக்காதீர்கள்.

பதில் 2:
என் மகனுக்கு வந்தபோது தடிப்பு மங்கியதும் முடிந்தது என்று அலட்சியமாக இருந்தேன். மறுபடி காய்ச்சல் ஏறியது, மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கியது. நிமோனியா! அவள் தூங்கும்போது ஒரு நிமிட மூச்சை எண்ணுங்கள். இந்த வயதில் 40-ஐத் தொட்டால் இரவானாலும் கிளம்பிவிடுங்கள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கூடவே கூடாது. வைட்டமின் ஏ பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாளில் இரண்டு தவணை, அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

கேட்டவர்:
வெண்புள்ளிகள் இருந்தன. பின்வாசல் வழியாக உள்ளே அழைத்தார்கள். தம்பிக்கு ஊசி போட்டாயிற்று. இவளுக்கு வைட்டமின் ஏ முதல் தவணை கொடுத்தார்கள், நாளை அடுத்தது. நுண்ணுயிர்க்கொல்லி கேட்டேன்; வைரசுக்கு அது வேலை செய்யாது, நிமோனியாவோ காதுச் சீழோ வந்தால் பார்க்கலாம் என்றார் மருத்துவர். இப்போது தூங்குகிறாள். மூச்சு 32. இரண்டு முறை எண்ணினேன்.

பதில் 1:
நல்லது. தடிப்பு வந்து நான்கு நாள் முடியும்வரை அவளை வெளியே அனுப்பாதீர்கள்.