புதுப்பிப்பு: அடாப்டர் கூட்டத்துக்குப் பதில் ஒரே பவர் சப்ளை

ரவுட்டர், ஃபைபர் மோடம், நெட்வொர்க் ஸ்விட்ச், ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர், இரண்டு கேமராக்கள் என ஆளுக்கொரு அடாப்டர் தொங்குவதை ஒழிக்க முன்பு வழி கேட்டிருந்தேன். இப்போது 12 வோல்ட், 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி) ஒன்றே எல்லாவற்றையும் சுமக்கிறது. ராஸ்பெர்ரி பைக்கு மட்டும் 5.1 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர். கிளைக்கொரு ஃபியூஸ், இதில் கஞ்சத்தனம் ஆகாது. எங்காவது ஷார்ட் ஆனால் மொத்தக் கரண்டும் அந்தக் கிளையின் மெல்லிய வயரில்தான் பாயும்.

வாசல் கேமராதான் படுத்தி எடுத்தது. இருட்டி அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் ரீஸ்டார்ட் ஆனது. மல்டிமீட்டர் வைத்தால் அந்த முனையில் 10.9 வோல்ட்! 15 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் வயர். போக வர 30 மீட்டர், அவ்வளவு நீள மெல்லிய வயரே வோல்ட்டைத் தின்றுவிட்டது. 1.5 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றியதும் 11.6 வோல்ட்டில் நிற்கிறது.

மின்வெட்டுக்கான பேட்டரியை இன்னும் சேர்க்கவில்லை. சார்ஜ் ஆகும்போது 13.8 வோல்ட் வரும். மோடம் தாங்குமா என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.