சவேரியாரைக் கட்டபொம்மன் ஏன் விட்டார், டீச்சர்?

ஓய்வு டீச்சர்:

ஆர்.சி. பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தி மாட்டிக்கொண்ட கதையை ஆளுக்கொன்று சொல்லச் சொன்னீர்கள். என்னுடையது 2022-இல், பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் நடந்தது. அஞ்சாம் வகுப்பு. டிசம்பர் 3, ஐரோப்பாவிலிருந்து வந்து இங்கே வேதம் போதித்த புனிதர் சவேரியாரின் திருநாள் வருகிறது என்று அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னேன். கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான்.

"டீச்சர், கட்டபொம்மன் வெள்ளைக்காரனையெல்லாம் எதுத்தாருல்லா? அப்பம் சவேரியார மட்டும் எதுக்கு விட்டாரு?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் சவேரியார் வெள்ளைக்காரர்தான். ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி என்கிற வேத வகுப்பில் சவேரியார், திங்கட்கிழமை சமூக அறிவியலில் கட்டபொம்மன். இரண்டு பேரும் ஒரே 'அந்தக் காலத்து' ஆட்கள் என்றால், ஒரு தடவையாவது முட்டிக்கொண்டிருக்க வேண்டுமே!

சவேரியார் முத்துக்குளித்துறைக்கு, அதாவது நம் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்கு, வந்தது 1542, கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கில் போட்டது 1799 என்று போர்டில் எழுதிக் கழிக்கச் சொன்னேன். 257 என்று எல்லாரும் சரியாகப் போட்டார்கள். போட்டுவிட்டு, முன்பு பார்த்த மாதிரியே என்னைப் பார்த்தார்கள்.

மறுநாள் வீட்டுக் கிணற்றடியில் கிடந்த பழைய வாளிக்கயிற்றைக் கொண்டுபோனேன். ஒரு சாண், பத்து வருஷம். முனையை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டாள், அதுதான் 'இன்னைக்கு'. ஆறாவது சாணில் ஒருத்தியின் ஆச்சி பிறந்தார்கள். ஏழரையில் சுதந்திரம். அதற்கே வகுப்பில் ஒரு சலசலப்பு, ஆச்சிக்கும் சுதந்திரத்துக்கும் ஒன்றரைச் சாண்தானா என்று. இருபத்திரண்டு தாண்டிக் கட்டபொம்மன், ரிப்பன் கட்டினோம். சவேரியாருக்கு நாற்பத்தெட்டு சாண் வேண்டும். கயிறு வாசலைத் தாண்டி வராந்தாவுக்குப் போய், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியது. அந்த முனையைக் கேள்வி கேட்டவன் கையிலேயே கொடுத்தேன். அங்கிருந்து கத்தினான்:

"டீச்சர், இங்கேர்ந்து பாத்தா கட்டபொம்மனே தெரியல!"

அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. சவேரியார் 1552-லேயே இறந்துவிட்டார், இங்கிலீஷ்காரன் கம்பெனி தொடங்கியதே 1600-இல்தான், சவேரியார் காலத்தில் கடற்கரையில் இருந்தது போர்த்துக்கீசியர் என்பதையெல்லாம் பிறகு சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள்.

அந்த வருஷம் மே மாதம்தான் ரோமில் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்திருந்தார்கள். நம் வடக்கன்குளத்தில் 1745-இல் ஞானஸ்நானம் பெற்றவர் என்பதால் பிள்ளைகளுக்கு அவர் சொந்தக்காரர் மாதிரி. 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக் கொன்றார்கள். இருபத்தேழாவது சாண். கட்டபொம்மன் பிறந்ததே அதற்கு எட்டு வருஷம் கழித்து. பூலித்தேவனும் தேவசகாயம் பிள்ளையும்தான் ஏறக்குறைய ஒரே செட்டு. இதைக் கயிறு கட்டும்வரை நானே யோசித்ததில்லை. அப்போதே இருபத்தைந்து வருஷமாக நடத்திக்கொண்டிருந்தேன்!

இரண்டு நாள் கழித்து ஒரு பிள்ளையின் அப்பா வந்தார். நெல்லையப்பர் கோவில் வாசலில் பூ விற்பவர். "புள்ள நோட்டுல சவேரியாரு, தேவசகாயம்னு எழுதிருக்கா. இது பாடமா டீச்சர், இல்ல உங்க மறைக்கல்வியா?" கோபமாகக் கேட்கவில்லை, ஆனால் கேட்கத்தான் வந்திருந்தார். நான் பதில் சொல்லுமுன் அவர் மகளே முந்திக்கொண்டாள். நெல்லையப்பரைச் சம்பந்தர் பாடியது ஏழாம் நூற்றாண்டு, அதுக்கு நூற்று முப்பது சாணுக்கு மேல வேணும், கயிறு கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போயிரும், அதனால டீச்சர் கட்டலை என்று. அவர் மெயின் ரோட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "பஸ் வரும்லா" என்றார்.

பணகுடி சார்:

உங்களுக்குக் கயிறு, எனக்குச் சுவர். வடக்கன்குளம் கிறிஸ்தவக் கோவிலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்து உள்ளே சுவர் இருந்ததையும், 1910-இல் அதை இடித்ததையும், வழக்கு கோர்ட் வரை போனதையும் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் போகும்போதெல்லாம் யோசனை. தேவசகாயம் பிள்ளையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இருந்தாலும் சொன்னேன். ஒரு பிள்ளை தரையைக் காலால் தடவித் தடவிச் சுவர் இருந்த இடத்தைத் தேடினாள். "எங்க ஆளுக எந்தப் பக்கம் சார்?" என்றாள். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை.

புது டீச்சர்:

கயிறு யோசனையைத் திங்கட்கிழமை செய்து பார்க்கப் போகிறேன் அக்கா. சாண் யாருடையது? பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாமா?

ஓய்வு டீச்சர்:

வேண்டாம்மா. ஒரு தடவை நான் அப்படித்தான் விட்டேன். ஆளுக்கு ஆள் கை வேறல்லவா, காந்தியும் கட்டபொம்மனும் பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட்டார்கள். உன் கையாலேயே முதல் நாள் ராத்திரி அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டு போ. நைலான் கயிறு வேண்டாம், முடிச்சு நழுவும்.