கார் திரையில் ஆண்ட்ராய்டு ஆட்டோ அடிக்கடி விட்டுப்போகிறது, அழைப்பின் குரலும் போனிலேயே கேட்கிறது: என்ன செய்யலாம்?

சேலத்துப் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். 2022ஆம் ஆண்டு மாடல் கார் ஒன்று வைத்திருக்கிறேன். நிறுவனமே பொருத்தித் தந்த டச் ஸ்கிரீனில் போனின் வரைபடம், பாட்டு, அழைப்பு ஆகியவற்றைக் காருக்குக் கொண்டுவரும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும், ஐபோனுக்கான அதே வசதியான ஆப்பிள் கார்பிளேயும் கேபிளிலும் கேபிள் இல்லாமலும் இயங்கும். என்னுடையது ஆண்ட்ராய்டு 14 போன். கேபிளில் இணைத்தால், பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் வரைபடம் மறைந்து திரை முகப்புக்குத் திரும்பிவிடுகிறது. ஆனால் போனில் சார்ஜ் ஏறுவது மட்டும் நிற்பதில்லை. கேபிள் இல்லாமல் இணைத்தாலோ, சிறிது தூரம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு தானாகவே விட்டுப்போகிறது. சென்னையிலிருந்து சேலம் சென்றபோது உளுந்தூர்பேட்டையை நெருங்கும் நேரத்தில் வரைபடம் போய்விட்டதால், சேலம் சாலை பிரியும் இடத்தைத் தவறவிட்டுத் திருச்சி சாலையில் வெகுதூரம் போய்த் திரும்பி வர வேண்டியதாயிற்று.

இது தவிர, அழைப்பு வந்தால் பாட்டு நிற்கிறது. பேசுபவரின் குரல் மட்டும் காரின் ஸ்பீக்கரில் வராமல் போனிலேயே கேட்கிறது. சர்வீஸ் சென்டரில் சாஃப்ட்வேரை அப்டேட் செய்து, அதற்குக் கட்டணமும் வாங்கிக்கொண்டு, "கோளாறு உங்கள் போனில்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதே காரில் என் மனைவியின் ஐபோன் அவருடைய கேபிளில் அழைப்பு உட்பட எல்லாவற்றையும் சரியாகச் செய்வதால், அவர்கள் சொல்வதை மறுக்கவும் வழியில்லை. போனை மாற்றத்தான் வேண்டுமா?

நெடுஞ்சாலை நண்பன்

வெளியில் விற்கும் வயர்லெஸ் அடாப்டர் ஒன்றை வாங்கிச் செருகிவிடுங்கள் ஐயா. எங்கள் வீட்டு வண்டியில் அதன் பிறகு தொல்லை இல்லை.

பழைய மெக்கானிக்

நண்பர் சொல்லும் அடாப்டர், கேபிள் வசதி மட்டுமே உள்ள வண்டியை வயர்லெஸ் ஆக்குவதற்கானது. உங்கள் வண்டியில் அந்த வசதி ஏற்கெனவே இருப்பதால், அதற்குச் செலவழிக்கும் பணம் வீண். போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் மூன்று வெவ்வேறு பாதைகளில் நடப்பவை. சர்வீஸ் சென்டரில் அவற்றை ஒரே கோளாறாக எண்ணி அப்டேட் செய்ததால்தான் எதுவும் சரியாகவில்லை.

முதலில் கேபிள். யூஎஸ்பி கேபிளுக்குள் மின்சாரத்திற்குத் தனிக் கம்பிகளும் தகவலுக்குத் தனிக் கம்பிகளும் உள்ளன. சார்ஜ் நிற்காமல் வரைபடம் மட்டும் போகிறது என்றால், தகவல் கம்பியின் தொடர்பு விட்டுவிட்டு அறுகிறது என்று பொருள். போனின் சார்ஜிங் துளையை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சும் தூசியும் அடியில் கெட்டியாகப் படிந்திருந்தால், முனை முழுவதும் உள்ளே போகாமல் கண்ணுக்குத் தெரியாத அளவு வெளியே நிற்கும். போனை அணைத்துவிட்டு மரத்தாலான பல் குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, குண்டூசி எதுவும் வேண்டாம். பிறகு, ஒரு மீட்டருக்கு மேல் நீளமில்லாத, தகவல் பரிமாற்றத்திற்கும் உரிய நல்ல கேபிளைப் பயன்படுத்துங்கள்.

அடுத்து அழைப்பு. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் கேபிள் செருகியிருந்தாலும் அழைப்பின் ஒலி புளூடூத் வழியாகத்தான் போகும். கேபிளில் இணைத்த கார்பிளேயில் அழைப்பும் கேபிளிலேயே செல்கிறது. உங்கள் மனைவியின் போனில் இந்தத் தொல்லை தலைகாட்டாததற்கு இதுவே காரணம். அதை வைத்து உங்கள் போன் பழுது என்று முடிவு கட்டியது சரியல்ல. போனின் புளூடூத் செட்டிங்ஸில் காரின் பெயரைத் தொட்டு, அழைப்புகளுக்கான அனுமதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது இயக்கத்தில் இருந்தும் பயனில்லை என்றால், போனிலும் காரிலும் பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாக இணையுங்கள். இருவருடைய போன்களும் காரில் பதிவாகியிருந்தால், எந்தப் போன் முதலில் புளூடூத்தில் ஒட்டிக்கொள்கிறது என்பதையும் கவனியுங்கள்.

சேலத்துப் பயணி

மிக்க நன்றி ஐயா. துளையிலிருந்து பட்டாணி அளவுக்குப் பஞ்சு வந்தது. அதன் பிறகு கேபிள் செருகும்போது 'டிக்' என்ற ஓசை கேட்கிறது. குலுங்கும் சாலையிலும் வரைபடம் மறைவதில்லை. அழைப்புக்கான அனுமதி அணைந்துதான் இருந்தது, இப்போது குரல் காரிலேயே வருகிறது. கேபிள் இல்லாத இணைப்பு மட்டும் இன்னும் பழையபடியே விட்டுப்போகிறது.

வைஃபை வாத்தியார்

அந்த இணைப்பில் புளூடூத் அறிமுகத்தை மட்டும் செய்துவைக்கும். அதன் பிறகு வரைபடமும் பாட்டும் போனுக்கும் காருக்கும் இடையிலான வைஃபையில், பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செல்லும். ஆகவே போனின் வைஃபைக்கு வேறு வேலை வந்தால் இணைப்பு ஆட்டம் காணும். பயணத்தின்போது ஹாட்ஸ்பாட் போடுகிறீர்களா? சாலையைப் படம்பிடிக்கும் டேஷ்கேம் கேமராவின் வைஃபை போனில் பதிவாகியிருக்கிறதா? அலுவலக நெட்வொர்க்கோடு போனைப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் எப்போதும் இயங்குகிறதா? இவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அணைத்தால் காரணம் எதுவென்று தெரியாமலே போய்விடும். பேட்டரியைச் சேமிப்பதற்காகப் பின்னணிச் செயலிகளை நிறுத்தும் போன்களில், ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவைப்பதும் நல்லது.

சேலத்துப் பயணி

ஹாட்ஸ்பாட்தான். பின் இருக்கையில் மகன் டேப்லெட்டில் படம் பார்க்கத் தொடங்கும்போதெல்லாம் போட்டுக் கொடுப்பது வழக்கம். இப்போது அதை மனைவியின் போனிலிருந்து கொடுத்ததும், சேலம் வரை இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. ஆனால் வயர்லெஸ் சார்ஜரில் வைத்த போன் நண்பகலில் கொதித்து, சார்ஜ் ஏறுவதே நின்றுவிட்டது. இதுவும் பழுதா?

பழைய மெக்கானிக்

பழுதில்லை. ஜிபிஎஸ், மொபைல் டேட்டா, வைஃபை ஆகிய மூன்றும் இடைவிடாமல் இயங்குவதோடு வயர்லெஸ் சார்ஜரின் சூடும் சேர்வதால், போன் தன்னைக் காத்துக்கொள்ள சார்ஜை நிறுத்துகிறது. தடித்த கவர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நீண்ட பயணத்தில் கேபிளையே பயன்படுத்துங்கள். கேபிள் இல்லாத வசதியைக் கடைவீதிக்குப் போய்வருவதற்கு வைத்துக்கொள்ளலாம். செருகும் துளையிலும் கவனம் தேவை: பல வண்டிகளில் இரண்டு யூஎஸ்பி துளைகள் இருந்தாலும் ஒன்று சார்ஜுக்கு மட்டுமே உரியது, அதில் செருகினால் திரையில் எதுவும் வராது.