எந்த இலக்குக்கு எங்கள் நேரத்தையும் காசையும் கொடுப்பது?

கோண்டாவில்வாசி எழுதியது:

அன்பான உறவுகளுக்கு வணக்கம். எனக்கு 34 வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தராகப் பணிபுரிகிறேன். பிள்ளைகள் இருவரையும் படிக்க இருத்தி, சமையலையும் முடித்த பின்னர், இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணி வரையான நேரம் மட்டுமே எனக்கென்று மிஞ்சுகிறது. வருகிற ஆவணியில் சீட்டுக் காசு இரண்டு இலட்சம் ரூபாய் கைக்கு வரும். இவ்விரண்டையும் எதில் இடுவது என்பதே என் கேள்வி.

அரச உத்தியோகத்தர்களுக்குரிய இரண்டாம் மொழித் தேர்ச்சியாகிய சிங்களத்தை நான் இன்னும் முழுமையாக முடிக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்பு ஒன்றைத் தொடர வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. எல்லோரையும் போல ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்ச்சிப் பரீட்சையை எழுதிக் கனடாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் இருக்கிறேன். நான்காவது ஆசை வீணை. வட இலங்கை சங்கீத சபைத் தேர்வில் நான்காம் தரம் சித்தியடைந்தபோது என் ஆசிரியை தம் கையாலேயே ஒரு தந்தியை மாற்றித் தந்தார். திருமணத்தின் பின் அந்த வீணை உறையோடு அறை மூலையில் நிற்கிறது. மகள் அதைத் தட்டி ஒலி கேட்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு ஏதோ செய்கிறது.

நான்கையும் தொடங்குகிறேன், மூன்றாம் வாரத்தில் நான்கும் நின்றுவிடுகின்றன. நீங்கள் எவ்வாறு தெரிவு செய்தீர்கள்?

செம்மண் எழுதியது:

வணக்கம் தங்கச்சி. நான் உரும்பிராயில் தோட்டம் செய்பவன். படிப்பைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உள்ள தண்ணீரை எந்தப் பயிருக்குக் கொடுப்பது என்ற கேள்வியோடு முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறேன். எங்களுடையது பங்குக் கிணறு. என் இறைப்பு முறை வரும் நாளில் மட்டுமே நான் இறைக்கலாம். எங்கள் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் இருப்பதால், அளவுக்கு மேல் இறைத்தால் நன்னீர் குறைந்து உவர் ஏறிவிடும். ஆகவே எத்தனை கன்று நடுவது என்பதைத் தண்ணீரைக் கொண்டே தீர்மானிக்கிறேன். நீங்கள் இரண்டு மணித்தியாலத் தண்ணீருக்கு நான்கு பயிர் நட்டிருக்கிறீர்கள். அவை வாடுவதற்குக் காரணம் உங்கள் சோம்பல் அன்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒரு போகத்தில் சின்ன வெங்காயம் நல்ல விலைக்குப் போனால் அடுத்த போகத்தில் ஊரே வெங்காயம் நடுகிறது. எல்லோருடைய விளைச்சலும் ஒன்றாகச் சந்தைக்கு வரும்போது விலை விழுந்துவிடுகிறது. அயலவன் தறையைப் பார்த்து நட்டு நானும் நட்டப்பட்டிருக்கிறேன். உங்கள் கடிதத்தில் கனடாவுக்கு ஒரே ஒரு வசனம்தான் உள்ளது, அதுவும் 'எல்லோரையும் போல' என்று தொடங்குகிறது. அங்கே போய் என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. வீணையைப் பற்றி எழுதும்போது மட்டும் உங்கள் எழுத்து நீள்கிறது. இதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

வடமராட்சியான் எழுதியது:

அக்கா, நான் பிரித்தானியக் கணக்கியல் தகைமை ஒன்றை ஆறு ஆண்டுகள் படித்து இடையில் விட்டவன். கட்டணம் பவுணில் கட்ட வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 350 ரூபாயைத் தாண்டியபோது பவுணும் கூடவே ஏறியது. அதன்பின் ஒரு பாடத்தின் கட்டணம் என் ஒரு மாதச் சம்பளத்தையே விழுங்கியது. இருந்தும், இவ்வளவு கட்டிவிட்டேனே என்ற ஒரே காரணத்துக்காக மேலும் இரண்டு ஆண்டுகள் இழுத்தேன். இன்றுதான் புதிதாகத் தொடங்குவதாயின் இதில் சேர்வேனா என்று ஒருநாள் என்னையே கேட்டபோது, இல்லை என்ற விடை உடனே வந்தது.

உங்களுக்கு உதவக்கூடிய ஒரு விடயம்: ஐ.ஈ.எல்.ரி.எஸ். பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். விண்ணப்பத்துக்கான மற்ற ஆயத்தங்கள் எதுவும் இல்லாமல் அதை முதலில் எழுதினால், விண்ணப்பிக்கும் வேளையில் மீண்டும் எழுத நேரலாம். படித்த சிங்களமோ நாளாந்தம் அலுவலகத்தில் பயன்படும், செலவும் குறைவு.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

பிள்ளை, தம்பி சொன்ன கணக்கு சரியானது; ஆனால் வீணையை அந்தக் கணக்கில் எழுத வேண்டாம். சாதாரண தரம் வரை ஆசையோடு வாசித்து, உயர்தரம் வந்ததும் மூடிவைத்த பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். நாற்பது வயதில் என்னைக் கண்டதும் அவர்கள் முதலில் கதைப்பது அதைப் பற்றித்தான். ஐந்தாம் தரத்தை உடனே இலக்காக வைக்காமல், வாரத்தில் இரண்டு இரவுகள் வெறுமனே வாசியுங்கள். வீணைத் தந்திகளின் கீழ் உள்ள 24 உலோக மெட்டுக்களும் மெழுகில் பதித்தவை; நெடுங்காலம் வாசியாமல் வைத்தால் மெழுகு வெடித்துச் சுருதி பிசகியிருக்கும், ஆகவே முதலில் அதைப் பாருங்கள்.

கோண்டாவில்வாசி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. வாரத்தில் நான்கு இரவுகளைச் சிங்களத்துக்கும் இரண்டு இரவுகளை வீணைக்கும் ஒதுக்கியிருக்கிறேன். பட்டப்பின் படிப்பைச் சின்னவன் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதி முடிக்கும் வரை தொடப்போவதில்லை. சீட்டுக் காசின் பெரும்பகுதி அதற்காகவே வங்கியில் இருக்கட்டும்.

செம்மண் அண்ணா, உங்கள் கேள்வி என்னைத் தூங்க விடவில்லை. நேற்றிரவு கனடாவைப் பற்றி இவரிடம் கதைத்தபோது, நான் விரும்புகிறேன் என்று எண்ணியே தாம் சம்மதித்திருந்ததாகச் சொன்னார். நானோ அவர் விரும்புகிறார் என்று எண்ணி இரண்டு ஆண்டுகளாக அதைச் சுமந்திருக்கிறேன்.

ரீச்சர், நீங்கள் சொன்னபடியே மெழுகு இரண்டு இடங்களில் வெடித்திருக்கிறது. மெழுகிட்டு மெட்டுக்களைச் சரிசெய்து தருபவர் எவரேனும் நல்லூர்ப் பக்கம் இருந்தால் அறியத் தாருங்கள்.