வகுப்புக்கு வர்றாங்க, கயிறு எறியத் தெரியலை: படகுப் பாதுகாப்புக் குழுவுக்குப் பயிற்சி எப்படி நடத்துவது?

நெல்லைக்கரை கேட்டது:

ராதாபுரம் பக்கத்துக் கடலோரத்தில் இயங்கும் ஒரு தன்னார்வப் படகுப் பாதுகாப்புக் குழுவின் பயிற்சிப் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. உறுப்பினர்கள் நாற்பது பேர் வரை. பாதிப்பேர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள். மீதி ஆசிரியர், கடைக்காரர், கல்லூரிப் பையன்கள். கைவசம் இருப்பது 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மாட்டிய ஒரு பைபர் வள்ளம், நுரை லைஃப் ஜாக்கெட் பதினெட்டு, காற்று நிரப்பும் ஜாக்கெட் நான்கு, கையடக்க விஎச்எஃப் ரேடியோ இரண்டு.

இதுவரை நடந்ததெல்லாம் மண்டபத்தில் படம் போட்டுக் காட்டும் வகுப்புதான், முடிவில் எல்லோருக்கும் சான்றிதழ். ஆனால் எறிகயிற்றை (தண்ணீரில் விழுந்தவருக்கு எறிய, பையில் அடைத்து வைக்கும் கயிறு) கையில் கொடுத்தால் பாதிப்பேருக்குப் பையைத் திறக்கத் தெரியவில்லை. தகுதியை எப்படிப் பிரிப்பது? மீன்பிடித் தடைக்காலத்தில் பயிற்சி வைக்கலாமா? மழைக்காலத்தில் ஆற்றுப் பக்கமும் கூப்பிடுவார்கள், அதற்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? விவரம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

அணியம் எழுதியது:

முதல் வேலையாக அந்தச் சான்றிதழை நிறுத்துங்கள். அதை வாங்கினவனுக்குத் துணிச்சல் வரும், கை வராது. மண்டப வகுப்புக்கு வருகைப்பதிவு போதும். தகுதி வேண்டுமென்றால் ஒவ்வொரு வேலையையும் செய்து காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். 1939-இல் தொடங்கிய அமெரிக்கக் கடலோரக் காவல் துணைப்படை முழுக்கத் தன்னார்வலர்களை வைத்தே நடப்பது. அங்கே கற்றுக்கொடுப்பவர் ஒருவர், கடைசியில் தேர்வு வைப்பவர் வேறொருவர். நம் ஊருக்கு இது இன்னும் அவசியம். மச்சான், மாப்பிள்ளை, சித்தப்பா மகன் என்று எல்லோரும் ஒரே கரையில் இருக்கும்போது, கற்றுக்கொடுத்தவரே தேர்ச்சியும் போட்டால் முகத்தாட்சண்யம்தான் பாஸ் ஆகும்.

மூன்று படி போதும்: கரை ஆள், வள்ளத்து ஆள், ஓட்டுபவர். நீச்சல் தெரியாத ஆசிரியரைக் கழித்துக் கட்ட வேண்டாம். கடலோரக் காவல் படைக்கு 1554, தமிழ்நாடு போலீசின் கடலோரக் காவல் குழுமத்துக்கு 1093, ஆம்புலன்ஸுக்கு 108 என்று அழைத்துத் தெளிவாகச் சொல்லவும், எந்த வள்ளம் எத்தனை பேரோடு எப்போது போனது என்று நேரம் போட்டு எழுதவும் கரையில் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு அவரே சரி.

எறிகயிறு: 15 முதல் 20 மீட்டர், 8 மி.மீ. பாலிப்ரொப்பிலீன். நைலான் கயிறு தண்ணீரில் அமிழும், வேண்டாம். பையில் அடைக்கும்போது வளையமாகச் சுற்றி வைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் திணிக்க வேண்டும். சுற்றினால் பாதி வழியில் சிக்கிக்கொள்ளும். தேர்வுக்கு 12 மீட்டரில் ஒரு மிதவை, மூன்று எறியில் குறைந்தது இரண்டு, மிதவைக்குக் கைக்கெட்டும் தூரத்தில் விழ வேண்டும். அதைவிட முக்கியம் இரண்டாவது எறி. முதல் எறி தவறினால் பையைத் திரும்ப அடைக்க நேரமிருக்காது. கயிற்றை இழுத்துக் கையில் மடித்துப் பிடித்து இருபது வினாடிக்குள் மறுபடி எறிய வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

ஆள் விழுந்தால்: பார்த்தவர் கத்த வேண்டும், கை நீட்டிக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவருக்கு வேறு வேலை கிடையாது. இன்னொருவர் மிதக்கும் எதையாவது எறிவார். ஓட்டுபவர் சுற்றி வந்து, காற்று முகத்தில் அடிக்க மெதுவாக நெருங்கி, ஆள் கைக்கெட்டியதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். நியூட்ரல் போதும் என்று விட்டால் தூக்கும் பரபரப்பில் யாராவது கியரைத் தட்டிவிடுவார்கள். பயிற்சிக்கு உண்மையான ஆளைத் தள்ளாதீர்கள். 20 லிட்டர் கேனில் முக்கால்வாசி தண்ணீர் நிரப்பினால் தலை மட்டும் தெரிகிற மாதிரி மிதக்கும்.

தூக்குவதுதான் கஷ்டம். நினைவிழந்த ஆளை இரண்டு பேர் ஒரே பக்கம் குனிந்து தூக்கினால் வள்ளத்தின் விளிம்பு தண்ணீருக்குள் போகும். மூன்றாமவர் எதிர்ப்பக்கம் உட்கார வேண்டும். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் கனமான பழைய வலைத்துண்டு ஒன்றை எடுத்து, ஒரு ஓரத்தை விளிம்பில் கட்டி மீதியை ஆளுக்கு அடியில் விட்டு மறு ஓரத்தை இழுத்தால் ஆள் உருண்டு உள்ளே வந்துவிடுவார். இதை ஆளைப் படுக்க வைத்து முதலில் மணலில் பழகுங்கள்.

ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் அலைவரிசையில் சோதனைக்காக மேடே (உயிராபத்து அழைப்பு) சொல்லிப் பழகக் கூடாது. செட்டை அணைத்து வைத்துக்கொண்டு பேச வையுங்கள். இடம் சொல்லும்போது வரும் பிழையைக் கவனியுங்கள்: ஜிபிஎஸ் 8 டிகிரி 10.50 நிமிடம் என்று காட்டுவதை 10 நிமிடம் 50 வினாடி என்று படித்துவிடுவார்கள். 0.50 நிமிடம் என்பது 30 வினாடி. இந்த ஒரு பிழையில் தேடுகிற வள்ளம் 600 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும்.

கையெழுத்துக்குக் காலாவதி வையுங்கள். எறிகயிறும் ஆள் தூக்குவதும் ஆறு மாதம், மற்றவை ஒரு வருடம். காலாவதியானவர் கரை ஆள், அது யாராக இருந்தாலும்.

வள்ளக்காரன் எழுதியது:

அணியம் அண்ணாச்சி சொன்னது சரிதான். தடைக்காலத்தைப் பத்தி நான் சொல்லுதேன். ஏப்ரல் 15-லருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடை விசைப்படகுக்குத்தான். நம்ம கூத்தங்குழி, இடிந்தகரை, உவரிப் பக்கம் எல்லாம் வள்ளம்தான், அதுக்குத் தடை கிடையாது. விசைப்படகு இல்லாத நேரம்னு வள்ளக்காரன் அப்பதான் ஓடியாடித் தொழில் பாப்பான், அவனை வகுப்புக்குக் கூப்பிட்டா எப்படி வருவான்? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு சாப்பிட்டு மூணு மணிக்கு மேல வைங்க. ஊர்ல திருவிழாக் கொடி ஏறுற நாளைக் கேட்டுட்டு அட்டவணை போடுங்க, இல்லேன்னா நீங்களும் வள்ளமும் மட்டும்தான் நிப்பீங்க.

ஆனி, ஆடியில மேல்காத்து ஏறி அடிக்கும். அப்ப புது ஆளைக் கடல்ல எறக்காதீங்க. கரையில முடிச்சு, ரேடியோ, எஞ்சின் பாத்துக்கிடலாம்.

இன்னொண்ணு. வயசான கடலாளிகளை மாணவன் மாதிரி பெஞ்சுல உக்கார வைக்காதீங்க, மறு வாரம் வர மாட்டாவ. அலை பாத்து வள்ளம் எறக்குறது, நீவாடு (கடல் நீரோட்டம்) பாக்குறது, கரைக்கு எந்த அலையில ஏத்தணும்ங்கிறது, இதுக்கெல்லாம் அவங்களையே தேர்வு வைக்கச் சொல்லுங்க. அதே நேரம் ஜாக்கெட் போடாம வந்தா அவங்களுக்கும் கையெழுத்து கிடையாதுன்னு மரியாதையாச் சொல்லிடணும்.

ஓட்டுறவன் உடம்புல மாட்டி, அவன் விழுந்தா எஞ்சினை அணைக்கிற சிவப்புக் கயித்தைப் பாருங்க. முக்காவாசி வள்ளத்துல கிளிப்பைக் கம்பி வச்சுக் கட்டிருப்பாங்க, தொந்தரவுன்னு. ஓட்டுறவன் விழுந்தா வள்ளம் ஆளில்லாம சுத்தி வந்து அவன் மேலயே ஏறும். ஒவ்வொரு தடவையும் கரையை விட்டுப் போகுறதுக்கு முன்னால, எஞ்சின் ஓடும்போது கயித்தை இழுத்து நிக்குதான்னு பாக்கணும்.

ஆத்துமணல் எழுதியது:

ஆற்றுக்குத் தனிக் கையெழுத்து கட்டாயம். கடல் தகுதி அங்கே செல்லாது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி ஊருக்குள் ஏறியபோது வள்ளங்களை லாரியில் கொண்டுபோய்த்தான் ஆட்களை எடுத்தார்கள். மறுபடியும் கூப்பிடுவார்கள், தயாராக இருப்பது நல்லது.

கடல் அலை வந்து போகும், வெள்ளம் விடாமல் தள்ளும். மரத்திலோ மின்கம்பத்திலோ வள்ளம் குறுக்கே மாட்டினால் எல்லோரும் பயத்தில் தடையை விட்டு விலகி, தண்ணீர் வரும் பக்கம் சாய்வார்கள். அந்தப் பக்க விளிம்பு அமிழ்ந்து வள்ளம் நிரம்பிவிடும். தடை இருக்கும் பக்கம் எடையைப் போட வேண்டும். இது மனதுக்கு நேர் எதிரானது, அதனால் கரையில் உட்கார வைத்துச் சத்தம் கொடுத்துப் பழக்க வேண்டும்.

தண்ணீரில் விழுந்தவர் எழுந்து நிற்க முயலக் கூடாது. கல்லிடுக்கில் கால் மாட்டினால் வேகம் ஆளைக் குப்புறத் தள்ளிவிடும். மல்லாந்து, கால் முன்னால் நீட்டி மிதந்து, முழங்காலுக்குக் கீழ் ஆழம் வந்தபின் எழலாம். மீட்கப் போகிறவர் இடுப்பில் கயிறு கட்டவே கூடாது. இழுவையில் கயிறு இறுகினால் தண்ணீருக்கு அடியில் போய்விடுவார், முடிச்சை அவிழ்க்க முடியாது.

சுத்தமல்லி, அரியநாயகிபுரம் மாதிரி அணைக்கட்டுகளின் அடியில் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் போகக் கூடாது. வழிந்து விழும் நீர் திரும்பிச் சுவர்ப் பக்கமே சுருளும். நுரை கலந்த அந்த நீரில் ப்ரொப்பெல்லர் பிடிக்காது, ஜாக்கெட்டும் பாதிதான் தூக்கும்.

வாழைத்தோட்டம், முள்வேலிக் கம்பி, அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மூன்றும் எஞ்சினுக்கு எமன். தெருவுக்குள் எஞ்சினைத் தூக்கிவிட்டு மூங்கில் கழியால் தரையைத் தொட்டுக்கொண்டு போங்கள். மின்சாரம் துண்டித்தாயிற்று என்று உறுதியாகத் தெரியாமல் தெருவுக்குள் வள்ளம் நுழையக் கூடாது.

முதலுதவி_பாளை எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூழ்கியவரின் வயிற்றை அமுக்குவதும் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் இன்னும் எல்லாக் கரையிலும் நடக்கிறது. தண்ணீர் வெளியே வருவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள், அதற்குள் நேரம் போய்விடும். மூச்சு இல்லையென்றால் முதலில் ஐந்து முறை வாயோடு வாய் ஊத வேண்டும். பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 ஊதல். நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆள் மாறுங்கள். பயிற்சிப் பொம்மையில் முழு இரண்டு நிமிடம் செய்ய வைத்தால்தான், ஒன்றரை நிமிடத்திலேயே அழுத்தம் மேலோட்டமாகிவிடுவது அவர்களுக்கே தெரியும்.

நெல்லைக்கரை எழுதியது:

தேர்வு வைக்க வேறு ஆள் என்றால் எங்கே போவது? எங்களில் தெரிந்தவர் மூன்று பேர்தான். காற்று ஜாக்கெட் நான்கும் வாங்கியதிலிருந்து பெட்டியில் கிடக்கின்றன, நம்பலாமா?

அணியம் எழுதியது:

பக்கத்து ஊர்க் குழுவோடு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் ஆட்களுக்கு அவர்கள், அவர்கள் ஆட்களுக்கு நீங்கள். தீயணைப்பு நிலையத்திலும் கடலோரக் காவல் குழும நிலையத்திலும் எழுத்தில் கேட்டுப் பாருங்கள். அதுவரை மூன்று பேரில் கற்றுக்கொடுத்தவரைத் தவிர மற்ற இருவரில் ஒருவர் தேர்வு வைக்கலாம்.

ஜாக்கெட்டை வாயால் ஊதி ஒரு இரவு விடுங்கள். காலையில் தளர்ந்திருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஜாக்கெட்டை ஊதவைக்கும் சின்ன வாயு சிலிண்டரைக் கழற்றி நகைக்கடைத் தராசில் வையுங்கள். மொத்த எடை அதன் மேலேயே பொறித்திருக்கும், இரண்டு கிராமுக்கு மேல் குறைந்தால் மாற்ற வேண்டும். மரையில் துரு இருந்தாலும் மாற்றுங்கள். தானாக ஊதும் வகை என்றால் தண்ணீரில் கரையும் வில்லையின் தேதியையும் பாருங்கள், உப்புக்காற்று ஈரத்தில் அது பெட்டிக்குள்ளேயே கெட்டுப்போகும். திரும்பப் பூட்டும்போது சிலிண்டர் கையிறுக்கத்தில் முழுசாக ஏறியிருக்கிறதா என்று இன்னொருவர் பார்க்கட்டும். தளர்ந்து நின்றால் ஊசி மூடியைத் துளைக்காது.