அப்ரோச் அனுமதி கிடைத்ததும் இறங்கத் தொடங்கலாமா? (டிடபிள்யூஏ 514 விமான விபத்து)

முகில்வழி:
இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி) படிப்பவர்களுக்கு இந்த விபத்து அடிக்கடி வரும். 1974 டிசம்பர் 1, போயிங் 727, வாஷிங்டன் டலஸ் ஓடுபாதை 12-க்கு விஓஆர்/டிஎம்ஈ அப்ரோச் (திசை காட்டும் விஓஆர், தூரம் காட்டும் டிஎம்ஈ என்ற தரை ரேடியோக்களை வைத்து இறங்கும் முறை). 44 கடல் மைல் தொலைவில், 7000 அடியில் இருக்கும்போதே அப்ரோச்சுக்கு அனுமதி கிடைத்தது. 1800 அடியை நோக்கி இறங்கியவர்கள் மவுன்ட் வெதர் மலைச்சரிவில் மோதினார்கள். 92 பேரும் இறந்தார்கள். 1800 சார்ட்டில் (அப்ரோச் வரைபடத்தில்) அச்சாகியிருந்த எண், அனுமதியும் கையில் இருந்தது. பிறகு தவறு எங்கே? இன்று அதே நிலையில் என்ன செய்ய வேண்டும்?

சரிவுக்கோடு:
அந்த 1800, ரவுண்ட் ஹில் என்ற ஃபிக்ஸை, அதாவது பாதையில் குறித்த புள்ளியை, கடந்த பிறகுதான் செல்லும். அதற்கு முன்னால், ஃப்ரன்ட் ராயலிலிருந்து ரவுண்ட் ஹில் வரையிலான பாதைக்குக் குறைந்தபட்சம் 3400. இது மேலிருந்து பார்க்கும் படத்தில் இருந்தது. பக்கவாட்டுப் படமோ ரவுண்ட் ஹில்லிலிருந்துதான் தொடங்கியது. அதை மட்டும் பார்த்தால் 1800 தான் முதல் எண்ணாகத் தெரியும். மோதிய இடத்தின் உயரம் ஏறத்தாழ 1670 அடி.

ஒவ்வொரு செக்மென்டின் (அப்ரோச் பாதையின் ஒரு பகுதி) உயரமும் அந்தச் செக்மென்டின் நீள அகலத்துக்குள் மட்டுமே காக்கும். அமெரிக்க முறையில் இனிஷியலில் (முதல் பகுதி) தடைக்கு மேல் 1000 அடி இடைவெளி, இன்டர்மீடியட்டில் (இடைப்பகுதி) 500, ஃபைனலில் (கடைசிப் பகுதி; அதன் தொடக்கப் புள்ளியான எஃப்ஏஎஃப் உள்ள விஓஆருக்கு) வெறும் 250. ஓடுபாதையை நெருங்க நெருங்க மிச்சம் சுருங்குகிறது. ஒரு செக்மென்ட் முன்கூட்டியே இறங்கினால் அந்த மிச்சம்கூட உங்களுக்குக் கிடையாது.

விசாரணை வாரியமே 3-2 என்று பிரிந்தது. பெரும்பான்மை, விமானிகளின் முடிவைச் சொன்னது. மற்ற இருவர் கட்டுப்பாட்டாளர் உயர வரம்பு தராமல் அனுமதித்ததைச் சொன்னார்கள். என் பார்வையில் இரண்டுமே உண்மை.

வடகாற்று:
இன்றைய விதி தெளிவு: அமெரிக்க விமான விதிகளின் 91.175 பிரிவு. வெளியிடப்படாத பாதையிலோ ரேடார் வெக்டரிலோ (கட்டுப்பாட்டாளர் சொல்லும் திசையில் பறப்பது) இருக்கும்போது அனுமதி வந்தால், கடைசியாகக் கொடுத்த உயரத்தையே பிடித்திருங்கள், வெளியிடப்பட்ட செக்மென்டில் எஸ்டாப்ளிஷ் ஆகும்வரை. எஸ்டாப்ளிஷ் (பாதையில் நிலைபெறுவது) என்றால் விஓஆர், ஐஎல்எஸ்ஸில் (ஓடுபாதைக்கு வழியும் சரிவும் காட்டும் தரை ரேடியோ) பாதை காட்டும் ஊசி பாதி விலகலுக்குள், என்டிபியில் (எளிய ரேடியோ வழிகாட்டி) ±5 பாகை. ஊசி அசையத் தொடங்கியதும் இறங்குவது தவறு. அனுமதியில் "இந்த உயரம், எஸ்டாப்ளிஷ் ஆகும்வரை" என்ற பகுதி காதில் விழவில்லையென்றால் கேட்டு வாங்குங்கள்.

முகில்வழி:
நன்றி. ஃபைனலில் ஸ்டெப்-டவுன் ஃபிக்ஸ்கள் (கடந்த பிறகே அடுத்த உயரத்துக்கு இறங்கக்கூடிய புள்ளிகள்) இருந்தால் படிப்படியாக இறங்குவதா, ஒரே சரிவா?

சரிவுக்கோடு:
ஒரே சரிவு. 3 பாகைக்கு மைலுக்கு 318 அடி. தரைவேகத்தை 5-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு இறங்க வேண்டிய அடி, 120 நாட் வேகத்துக்கு 600. ஒவ்வொரு டிஎம்ஈயிலும் உயரத்தை ஒப்பிட்டு, ஸ்டெப்-டவுன் எண்ணுக்குக் கீழே போகவில்லை என்று பாருங்கள். ஓடுபாதை தெரியும்வரை எம்டிஏவுக்குக் (இறங்கக்கூடிய குறைந்தபட்ச உயரம்) கீழே ஒரு அடிகூடப் போகக்கூடாது. விமானம் மேலெழத் திரும்பும்போது சற்றுத் தாழும் என்பதால், பலரும் எம்டிஏவுடன் 50 அடி கூட்டி அங்கேயே முடிவெடுக்கிறார்கள். ஓடுபாதை தெரியவில்லையென்றால் உடனே ஏறுங்கள். ஆனால் மிஸ்டு அப்ரோச் பாயின்ட் (இறங்குவதைக் கைவிடும் பாதை தொடங்கும் புள்ளி) வரை நேராகப் போன பிறகே திரும்புங்கள். முன்னால் திரும்பினால் அந்தப் பக்கத்தை யாரும் தடைக்காக அளந்திருக்கமாட்டார்கள்.

வடகாற்று:
இத்தனை கணக்கும் உயரமானி சரியாக இருந்தால்தான். 2022 மே 23, பாரிஸ் சார்ல் த கோல்: ஒரு ஏ320 விமானத்துக்கு, உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்தம் 1001-க்குப் பதில் 1011 ஹெக்டோபாஸ்கல் என்று சொல்லப்பட்டது. பாரோ-விநாவ் சரிவு (காற்றழுத்த உயரமானியை வைத்து விமானமே கணிக்கும் இறங்குபாதை) அப்படியே ஏறக்குறைய 280 அடி கீழே நகர்ந்தது. ஓடுபாதை முனைக்கு ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் ரேடியோ உயரமானி 6 அடி காட்டியது. தூரம்-உயரம் ஒப்பீடு இதைப் பிடிக்காது, சரிவும் உயரமானியும் ஒரே பிழையைச் சுமப்பதால். ஐஎல்எஸ் கிளைட் ஸ்லோப் தரையிலிருந்து வருவது, அதில் இந்தப் பிழை கிடையாது. பாரோ அப்ரோச்சில் கட்டுப்பாட்டாளர் சொன்ன எண்ணை ஏடிஸ்ஸோடு (விமான நிலையத்தின் வானிலைப் பதிவு ஒலிபரப்பு) ஒப்பிடுங்கள். 10 வித்தியாசம் என்றால் திரும்பக் கேளுங்கள்.

குளிரும் இதே வேலையைத்தான் செய்யும்: தரையில் -20 பாகை செல்சியஸ் என்றால், விமான நிலையத்துக்கு மேல் 1000 அடிக்கு 140 அடி கூட்ட வேண்டும். எஃப்ஏஎஃப் உயரத்துக்கும் சேர்த்துக் கூட்டுங்கள், எம்டிஏவுக்கு மட்டும் போதாது.