ஒரே தாய், ஒரே தீவனம், வேற வேற பால்

பெருந்துறைப் பக்கத்து விவசாயி:
எங்க கட்டுத்தரையில ஒரே மாட்டுக்குப் பொறந்த ஜெர்சி கலப்பு ரெண்டு இருக்குதுங்க. ரெண்டும் கன்னு போட்டு ரெண்டாம் மாசம். ஒரே சோளத்தட்டு, ஒரே பருத்திக்கொட்டை. மூத்தது காலையில 7 லிட்டர் கறக்கும், ஆனா சொசைட்டியில கொழுப்பு 3.6-ஐத் தாண்டறதில்ல. இளையது 5 லிட்டர்தான், 4.8 காட்டுது. வர்றவங்க எல்லாம் மூத்ததைத்தான் விலைக்குக் கேக்கறாங்க. கணக்குப் போட்டா அதுல கொழுப்பு சுமார் 250 கிராம், இதுல 240. தீவனத்துல ஒண்ணும் வித்தியாசமில்ல. சினை ஊசி போட்ட காளைதான் வேற வேற.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
ஐயா, மூத்தது ஒரு ஈத்து முந்தியது என்றால் பால் கூடுதலாக இருக்க அதுவும் ஒரு காரணம். ஆனால் கொழுப்பில் இவ்வளவு இடைவெளி இருந்தால் நானும் காளையைத்தான் முதலில் கேட்பேன். மாட்டுக்கு மாடு பால் அளவு வேறுபடுவதில் மரபின் பங்கு ஏறத்தாழ கால் பாகம்தான். கொழுப்புச் சதவீதத்தில் அது பாதியைத் தொடும். தவிட்டையும் பசுந்தீவனத்தையும் கூட்டினால் லிட்டர் ஏறும். கொழுப்பும் தீவனத்தைப் பொறுத்து மாறும், ஆனால் உங்களிடம் இரண்டுக்கும் தீவனம் ஒன்றுதானே.

14-வது குரோமோசோமில் டிஜிஏடி1 என்றொரு மரபணு உண்டு. அதில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறுவதை 2002-இல் கண்டறிந்தார்கள். அந்த இடத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் வகை கொழுப்பைக் கூட்டும், பாலின் அளவைக் குறைக்கும். அலனின் என்ற அமினோ அமிலம் இருக்கும் வகை நேர்மாறு. ஜெர்சியிலும் நம் நாட்டு மாடுகளிலும் லைசின் வகையே மிகுதி. உங்கள் இளையதற்கு அப்பன் வழியாக அது வந்திருக்கலாம். ஆனாலும் இந்த ஒன்றே எல்லாம் என்று எண்ணிவிடாதீர்கள். சிறு சிறு பங்குள்ள மரபணுக்கள் ஏராளம்.

கிருஷ்ணகிரி, பெண் பண்ணையாளர்:
நான் பால் கணக்கு நோட்டுலயே காளை நம்பரையும் எழுதி வைக்கிறேன். ஊசி போட வர்றவர்கிட்ட, காளை நம்பர் அச்சடிச்ச விந்துக் குச்சியை வாங்கிப் பாத்துட்டுத்தான் போட விடுவேன். ஒரு தடவை, தாய்க்குப் போட்ட அதே காளையோட குச்சியையே அதோட கிடாரிக்கும் எடுத்தாங்க. அப்பனையே மகளுக்கா? வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். அடுத்த பருவத்துக்கு வேற காளை வந்துச்சு.

கால்நடை மருத்துவர், நாமக்கல்:
மிகச் சரியாகச் செய்தீர்கள், அம்மா. அமெரிக்காவில் 1962-இல் பிறந்த சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் இனக் காளைக்கு 16,000 மகள்கள். பாலை அள்ளிக் கொடுத்த வம்சம். அதன் உடம்பிலேயே ஏபிஏஎஃப்1 மரபணுவில் ஒரு பழுதும் இருந்தது. தாய் வழியும் தந்தை வழியும் அந்தப் பழுது சேர்ந்தால் கரு வயிற்றிலேயே கலைந்துவிடும். காளை செத்துப் பல காலம் கழித்துத்தான் அது தெரியவந்தது. இப்போது அங்கே காளையைச் சோதித்துவிட்டே விந்து எடுக்கிறார்கள். நம் பக்கம் அந்த நோட்டு எல்லாக் கட்டுத்தரையிலும் வேண்டும்.